எலுமிச்சம்பழமும் பதினைந்தாயிரம் ரூபாயும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் "காய் கனிகளில் உள்ள ஆன்டி ஆக்ஸிடன்ட் சத்து" என்ற தலைப்பில் பேசிய உரை)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. மேடை ஏறிப் பேசுறது இதுதான் முதல் தடவை. கை நடுங்குது. அதனால எழுதி வச்சுத்தான் படிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தது தலைவி அக்கா. "ஏன்க்கா, படிச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே"ன்னு கேட்டேன். "இந்த வார்த்தைக்கு உன்னை மாதிரி யாரு விலை கொடுத்தா? நீதான் பேசணும்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது உண்மைதான். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்கிற ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை 15,000 ரூபாய். அதுவும் நம்ம குழுப் பணம். அதை முதல்ல சொல்லிட்டுத்தான் சத்தைப் பத்திப் பேசணும்.

மூணு வருஷத்துக்கு முன்னால, தெரிஞ்சவங்க ஒருத்தர் கூப்பிட்டாங்கன்னு டவுனில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். நல்ல கூட்டம். டையெல்லாம் கட்டிக்கிட்டு ஒருத்தர் பேசினார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணி ஊத்தி, அதில் புண்ணுக்குப் போடற அயோடின் மருந்தை நாலு சொட்டு விட்டார். தண்ணி டீத்தண்ணி மாதிரி பழுப்பு நிறமாச்சு. "இதுதான் நம்ம உடம்பில் சேர்ந்திருக்கிற விஷம்" என்றார். அப்புறம் ஒரு பாட்டிலைத் திறந்து, அதில் இருந்த சாற்றை ஒரு மூடி ஊத்திக் கலக்கினார். கண் முன்னாலேயே தண்ணி தெளிஞ்சு போச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். "இதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கு. சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி, கேன்சர் எதுவும் கிட்ட வராது" என்றார்.

ஒரு பாட்டில் 2,500 ரூபாய். ஆறு பாட்டில் வாங்கினால் உறுப்பினர். நாம ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன். எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஏழு வருஷமா சர்க்கரை. அவங்களுக்கும் சரியாகும், நமக்கும் வருமானம் வரும்னு நினைச்சேன். குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். தீர்மானப் புத்தகத்தில் என்ன காரணம் எழுதினோம் தெரியுமா? "ஆடு வளர்ப்பு." நான்தான் அப்படிச் சொல்லி எழுத வச்சேன். ஒரு ஆடும் நான் வாங்கலை. அந்தப் பொய்யை இன்னிக்கு இந்த மைக்கில் ஒத்துக்கிறேன்.

"இதைக் குடிச்சா இங்கிலீஷ் மாத்திரை தேவையில்லை"ன்னு பாட்டில் விற்றவங்க சொன்னதை நம்பி, அத்தைக்கு மாத்திரையை நிறுத்திட்டேன். ரெண்டு மாசம். அவங்களும் பாவம், நான் கொடுத்ததைக் குடிச்சாங்க. செருப்பு கடிச்சு இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது. சின்னப் புண்ணுதானேன்னு விட்டோம். அது கறுத்துப் போய் வாடை வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். சர்க்கரை 380 இருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். காலைக் காப்பாத்திட்டாங்க. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

நான் அழுதுக்கிட்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தைதான், "விடு தாயி, அந்த விரலை வச்சு நான் என்ன களையா எடுக்கப் போறேன்? நீ போய்ச் சாப்பிடு"ன்னு சொன்னாங்க. இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்க அனுமதி கொடுத்ததால்தான் இதைச் சொல்றேன்.

சரி, அந்த டம்ளர் தண்ணி எப்படித் தெளிஞ்சது? அதைச் சொன்னது என் மகள். அப்ப ஒன்பதாவது படிச்சா. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் கேட்டிருக்கா. சாயங்காலம் வந்ததும் வீட்டில் இருந்த அயோடின் மருந்தை ஒரு டம்ளர் தண்ணியில் சொட்டு விட்டா. அதே பழுப்பு நிறம். அரை எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிஞ்சா. தண்ணி தெளிஞ்சு போச்சு! "அம்மா, எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி அயோடினை நிறமில்லாமப் பண்ணிடும். அவங்க பாட்டிலிலும் வைட்டமின் சி மாதிரி ஏதோ இருந்திருக்கும். அவ்வளவுதான்" என்றாள். எனக்கு வெட்கமாப் போச்சு. எங்க வீட்டு எலுமிச்சை மரத்தடியிலேயே உட்கார்ந்துட்டேன். (யாரும் அந்தத் தண்ணியைக் குடிச்சுப் பார்க்காதீங்க. அது பார்க்கிறதுக்கு மட்டும்தான்.)

அன்னியிலிருந்து இந்தச் சத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு ஒரு வைராக்கியம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவையும் நம்ம நர்ஸம்மாவையும் கேட்டேன். மகளைப் போனில் தேடிப் படிக்கச் சொன்னேன். நான் புரிஞ்சுக்கிட்டதை நம்ம அடுப்படிக் கணக்கில் சொல்றேன்.

வாழைப்பூவை ஆய்ஞ்சு நறுக்கினா என்ன செய்வோம்? மோர்த்தண்ணியில் போடுவோம். இல்லேன்னா கறுத்துப் போயிடும். கத்தரிக்காயை நறுக்கி வச்சாலும் அப்படித்தான். அரிவாள்மனையைக் கழுவித் துடைக்காம வச்சா துருப் பிடிக்கும். கடலை எண்ணெயைத் திறந்து ரொம்ப நாள் வச்சா காறல் வாடை வரும். இதெல்லாம் காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் செய்யற வேலை. நாம மூச்சு விட அதே ஆக்ஸிஜன்தான் வேணும். சாப்பிட்ட சாப்பாட்டை உடம்பு எரிச்சுச் சக்தியா மாத்தறப்போ, அடுப்பில் விறகு எரியும்போது பொறி பறக்கிற மாதிரி, சில பொறிகள் உண்டாகுமாம். அதுக்கு ஃப்ரீ ராடிக்கல்னு பேர். ஒண்ணு ரெண்டு பொறின்னா ஒண்ணுமில்லை. அதிகமாப் பறந்தா பக்கத்தில் இருக்கிறதைப் பொசுக்கும். பீடி சிகரெட் புகையும், விறகடுப்புப் புகையும், கடும் வெயிலும் இந்தப் பொறியை அதிகமாக்கும்.

இந்தப் பொறியை அணைக்கிறதுதான் ஆன்டி ஆக்ஸிடன்ட். உடம்பே கொஞ்சம் தயார் பண்ணிக்குது. மீதி சாப்பாட்டில் இருந்து வரணும். அது ஒரே ஒரு சத்து இல்லை. பல சத்துகளுக்குச் சேர்த்து வச்ச பேர். நிறத்தை வச்சு ஞாபகம் வச்சுக்கிட்டா நமக்குச் சுலபம்.

முதல்ல புளிப்புக் காய் கனிகள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இதிலெல்லாம் வைட்டமின் சி. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கு. ஆரஞ்சில் சுமார் 50தான். ஆப்பிளில் 10 கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனா ஆப்பிள் வாங்கிட்டுப் போறோம், நம்ம ஊர்க் கொய்யாவை அணில் தின்னுட்டுப் போகுது.

ரெண்டாவது மஞ்சளும் ஆரஞ்சும். பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம், கேரட், பனம்பழம். இதில் கரோட்டின். கண்ணுக்கு நல்லது. பச்சைக் கீரையிலும் இது இருக்கு, பச்சை நிறம் மூடி மறைச்சிருக்கும். முருங்கைக் கீரையில் நிறையவே இருக்கு.

மூணாவது சிவப்பு. தக்காளி, தர்பூசணி, உள்ளே சிவந்த கொய்யா. இதில் லைக்கோபீன்னு ஒரு சத்து.

நாலாவது ஊதாவும் கறுப்பும். நாவல்பழம், கறுப்புத் திராட்சை, கத்தரிக்காய்த் தோல், கறுப்புக் கவுனி அரிசி. நாவல்பழம் தின்னா நாக்கில் ஒட்டுதே ஒரு நிறம், அதுதான் அந்தச் சத்து. அதுக்குப் பேர் ஆந்தோசயனின்.

அப்புறம் சின்ன வெங்காயம், மஞ்சள், கறிவேப்பிலை. கறிவேப்பிலையை ஒதுக்கி வச்சுட்டு எந்திரிக்கிறவங்க இனிமே மென்னு தின்னுங்க.

இதைச் சமைக்கிறதிலும் விஷயம் இருக்கு. வைட்டமின் சி சூடு தாங்காது, தண்ணியில் கரைஞ்சு போகும். அதனால காயைக் கழுவிட்டு நறுக்கணும், நறுக்கிட்டுக் கழுவக் கூடாது. வேகவச்ச தண்ணியைக் கொட்டக் கூடாது, குழம்பிலேயோ ரசத்திலேயோ சேர்க்கணும். எலுமிச்சையை அடுப்பை அணைச்சப்புறம் பிழியணும். தக்காளி மட்டும் நேர்மாறு. அது எண்ணெயில் வதங்கினால்தான் அதோட சத்து உடம்பில் நல்லாச் சேரும். கீரைக்கும் பரங்கிக்காய்க்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய் தாளிப்பு வேணும், இல்லைன்னா கரோட்டின் உடம்பில் ஒட்டாது. நம்ம அம்மா, பாட்டி கீரையைக் கடைஞ்சு எண்ணெயில் தாளிச்சது சரியான வேலைதான்.

நம்ம பெண்களுக்கு இதில் முக்கியமான ஒண்ணு இருக்கு. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம்ம நாட்டில் 15 வயசிலிருந்து 49 வயசு வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. இங்க நூறு பேர் உட்கார்ந்திருந்தா அதில் பாதிக்கு மேல. கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு சுலபமா எடுத்துக்காது. கூட வைட்டமின் சி இருந்தா நல்லா எடுத்துக்கும். அதனால கீரைச் சோறு சாப்பிடற அன்னிக்கு ஒரு நெல்லிக்காயோ, அரைக் கொய்யாவோ, கொஞ்சம் எலுமிச்சையோ சேர்த்துக்கங்க. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க. டீயிலும் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கு, ஆனா அது இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. நர்ஸம்மா கொடுக்கிற இரும்பு மாத்திரைக்கும் இதே கதைதான்.

இப்ப உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சத்து நல்லதுதானே, அதை மட்டும் பிரிச்சு மாத்திரையாக் கொடுத்தா இன்னும் நல்லதில்லையான்னு. பெரிய பெரிய டாக்டருங்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கு. பின்லாந்துன்னு ஒரு நாடு. அங்க புகை பிடிக்கிற ஆண்கள் 29,000 பேருக்கு மேல சேர்த்து, ஒரு பகுதிப் பேருக்குக் கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாப் பல வருஷம் கொடுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் கேன்சர் குறையும்னு நினைச்சாங்க. 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவங்களுக்குக் கேன்சர் குறையலை. சாப்பிடாதவங்களை விட நூற்றுக்கு 18 பங்கு அதிகமா வந்திருந்தது. அமெரிக்காவில் அதே மாதிரி நடந்த இன்னொரு சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

டாக்டரம்மா இதைச் சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப கேரட் சாப்பிடக் கூடாதாம்மா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "கேரட்டால யாருக்கும் ஒண்ணும் ஆகலை. கேரட்டில் அந்தச் சத்து மட்டுமா இருக்கு? நார்ச்சத்து, பொட்டாசியம், இன்னும் என்னென்னவோ சேர்ந்து இருக்கு. அளவும் உடம்பு தாங்கற அளவு. காயும் பழமும் நிறையச் சாப்பிடறவங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவா வருது. அது எல்லாச் சத்தும் சேர்ந்து செய்யற வேலை. ஒண்ணை மட்டும் உருவி எடுத்துக் குப்பியில் அடைச்சா அந்த வேலை நடக்கும்னு சொல்ல முடியாது" என்றாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. "காய் பழம் நோய் வராமத் தடுக்க உதவும். வந்த சர்க்கரைக்கு மாத்திரைதான். மாத்திரையை நிறுத்தச் சொல்றவங்க யாராயிருந்தாலும், அவங்க பேச்சைக் கேட்காதீங்க."

டாக்டர் இரும்பு மாத்திரையோ வைட்டமின் மாத்திரையோ எழுதிக் கொடுத்தா அதை நிறுத்தச் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. அது வேற. தேவை பார்த்துக் கொடுக்கிறது.

எவ்வளவு சாப்பிடணும்? உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 400 கிராம் காயும் பழமும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லுது. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இதில் சேராது. நான் ஒரு நாள் தராசில் நிறுத்துப் பார்த்தேன். எங்க வீட்டில் அஞ்சு பேர். ரெண்டு கிலோ வேணும். நாங்க அன்னிக்குச் சாப்பிட்டது முக்கால் கிலோ கூட இல்லை. அதிலும் என் தட்டில் விழுந்தது கரண்டி ஓரத்தில் ஒட்டினது. எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சச் சோத்தில் குழம்பை ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடறதுதானே நம்ம பழக்கம்? இப்ப எங்க வீட்டில் முதல்லயே அஞ்சு கிண்ணத்தில் காயைப் பிரிச்சு வச்சுடறேன். என் கிண்ணத்தை யாரும் தொடக் கூடாது. இதை மட்டும் நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போனதும் செய்யணும்னு கேட்டுக்கறேன்.

"காய் விக்கிற விலைக்கு ரெண்டு கிலோவா?"ன்னு பின்னால் இருந்து ஒரு அக்கா முணுமுணுக்கிறது கேட்குது. நியாயம்தான். ஆனா நம்ம பக்கத்தில் முருங்கையும் தக்காளியும் பறிச்சு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏத்தறவங்களே நாமதான். விலை இல்லாதப்போ தக்காளியை ரோட்டோரம் கொட்டறதும் நாமதான். அந்த நேரம் பத்துக் கிலோ எடுத்துத் தொக்கு கிளறி வச்சா ரெண்டு மாசம் வரும். முருங்கைக்கீரை கிள்ள காசு வேண்டாம். பப்பாளிக் கன்று குளிக்கிற தண்ணி பாயற இடத்தில் நல்லா வரும். என் 15,000 ரூபாயை ஒரு நாளைக்கு 20 ரூபாய்னு பழத்துக்குச் செலவு பண்ணியிருந்தா 750 நாள் வந்திருக்கும். ரெண்டு வருஷத்துக்கு மேல.

ரெண்டு எச்சரிக்கை. சர்க்கரை இருக்கிறவங்க பழத்தை ஜூஸாக் குடிக்காம, அளவாக் கடிச்சுத் தின்னுங்க. கொய்யா நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் கீரை, பழத்தைக் கூட்டறதுக்கு முன்னால டாக்டரைக் கேட்டுக்கணும்.

கடைசியா, கடன் கணக்கு. மாசம் 1,500 ரூபாய் அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டின்னு பத்து மாசத்தில் 15,825 ரூபாய் கட்டி முடிச்சேன். ஒரு தவணை கூடத் தவறலை. ஆனா அதை விடப் பெரிய கடன் ஒண்ணு இருந்தது. என் பேச்சை நம்பி நம்ம உறுப்பினர்கள் ரெண்டு பேர் அந்த பாட்டிலில் சேர்ந்தாங்க. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கு முழுசும் திருப்பிக் கொடுத்துட்டேன். இன்னொருத்தருக்குப் பாதி கொடுத்திருக்கேன், மீதியைத் தை மாசத்துக்குள்ள கொடுத்துடுவேன். கேட்கவே இல்லை அவங்க. வீட்டுக்குப் போனா இப்பவும் காபி போட்டுக் கொடுக்கிறாங்க. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

எங்க குழுவில் இப்ப ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். சத்துப் பானம், சத்து மாவு, மூலிகை மருந்துன்னு யாராவது விற்க வந்தா, குழுக் கூட்டத்தில் வச்சு நர்ஸம்மாவைக் கேட்காம ஒரு ரூபாய் கொடுக்கிறதில்லை. அதுக்குக் கடனும் இல்லை. நம்ம கூட்டமைப்பில் உள்ள எல்லாக் குழுவும் இதைத் தீர்மானமாப் போடணும்னு இந்த மேடையில் கோரிக்கை வைக்கிறேன். கூடவே, ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கொய்யா வைக்கணும். இடம் இல்லாதவங்க ஒரு சாக்கில் மண் போட்டு மணத்தக்காளியோ அரைக்கீரையோ போடுங்க. எங்க வீட்டில் கொய்யாக் கன்று வச்சு ரெண்டரை வருஷம் ஆகுது. இந்த வருஷம் காய்ச்சிருக்கு. முதல் பழத்தை அத்தைதான் பறிச்சாங்க. மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தான் சாப்பிட்டாங்க.